நேரம் தவறாத வண்டி

பழனியாண்டவனைத் தரிசிக்கச் செல்லும் நம் நாட்டு யாத்திரிகர் பெரும்பாலும் மதுரை, திண்டுக்கல் வழியாகவே செல்வர். ஒரு முறை நான் மேற்குத் திசையிலிருந்து சென்றேன். கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சியை அடைந்து, அங்கே பழனி பஸ்ஸில் ஏறி, கோமங்கலம், உடுமலைப்பேட்டை, மடத்துக்குளம் என்னும் ஊர்களைக் கடந்து போனேன். தெற்கே ஆனைமலைத் தொடர் நீல நிறத்தில் நீண்டு கிடந்தது. இரு மருங்கும் தென்னந் தோப்புகள். உடுமலையைச் சூழ்ந்த வெளிகளில் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. மடத்துக்குளத்தருகே அமராவதி ஆற்றைக் கடந்தபோது பழனி மலை கண்ணுக்குத் தெரிந்தது. ஏறக்குறைய நாற்பது மைல் தூரம். பக்கத்தில் இருந்தவர்கள் கண்ணயர்ந்திருந்தார்கள். எனக்கோ உறக்கம் வரவில்லை. இதே பாதையிலேதான் 1920ஆம் ஆண்டில், இருபத்தேழு வயதுடைய ஓர் இளைஞர் தம்முடைய ஒரேயொரு பஸ்ஸைத் தாமே ஓட்டிக்கொண்டு சென்றார் என்னும் நினைவு என்னை விட்டு அகலவில்லை.

அவர்தாம் ஜீ. டி. நாயுடு. கோபாலசாமி துரைசாமி நாயுடு என்பது முழுப்பெயர். அவர் பெயரைச் சொன்னால் நம்மவருக்கு நினைவு வருவன மின்சார முகச்சவரக் கருவியும், வானொலிப் பெட்டியும், பத்தடி உயரம் வளர்ந்த பருத்திச் செடியுமே. இந்தியாவின் எடிசன் என்று அவரைப் பாராட்டி எழுதுவது ஒரு வழக்கமாகிவிட்டது. அந்தப் பாராட்டை நான் மறுக்கவில்லை. ஆயினும் எனக்கு அவர் முதலில் ஒரு பஸ்காரர், பின்புதான் விஞ்ஞானி. அவ்வாறு நான் எண்ணுவதற்கு ஒரு காரணம் உண்டு. அது எனக்குப் பெருமை தரும் காரணமன்று.

ஆசிரியத் தொழிலில் நான் புகுந்த முதலாண்டில் வன்னியிலுள்ள ஒரு சிறு கிராமப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டேன். காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். அவ்வளவே அவ்வூருக்கும் வெளியுலகுக்கும் இருந்த தொடர்பு. ஐந்தாறு மைலுக்கு அப்பாலிருந்து அந்தப் பஸ்ஸில் வரும் மாணவன் ஒருவன் வாரத்தில் மூன்று நாளாவது பிந்தி வருவான். நேர ஒழுங்கைப் பற்றி உறுதியான கொள்கை உடையவனாக என்னை நான் எண்ணிக்கொண்டிருந்த காலம் அது. அவனை வகுப்புக்கு வெளியே வெயிலில் நிறுத்தினேன். அவன் ஒன்றும் சொல்லாமல் நின்றான். சில நாளின் பின் அவ்வூர்ச் சந்தியில் அதே பஸ்ஸுக்காக நானே காத்திருக்க நேர்ந்தது. ஏழு மணிக்கு வரவேண்டிய வண்டி எட்டரைக்கு வந்தது. அந்த ஒன்றரை மணி நேரமும் அவன் என் அருகில் நின்றான். அன்று நாங்கள் இருவரும் பிந்தியே சென்றோம். ஆனால் என்னை வெயிலில் நிறுத்துவார் எவருமில்லை.

நாயுடுவின் வாழ்க்கையை நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அதற்குப் பின்னர்தான்.

மண்ணை வாரி எறிந்த மாணவன்

கோயம்புத்தூருக்கு அண்மையிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில், 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் ஒரு வேளாண் குடும்பத்தில் அவர் பிறந்தார். பிறந்த சில காலத்திலேயே தாயை இழந்தார். பள்ளிப் படிப்பு அவருக்கு ஒத்துவரவில்லை. ஆசிரியர்மீது மண்ணை வாரி எறிந்துவிட்டு ஓடினார் என்று அவர் வரலாற்றைச் சொல்வோர் கூறுவர். மூன்றாம் வகுப்போடு கல்வி நின்றது. ஆசிரியனாகிய நான் இந்தக் கட்டத்தை மாணாக்கருக்குச் சொல்லும்போதெல்லாம் வகுப்பில் ஒரு மகிழ்ச்சி ஆரவாரம் எழும். அதை அடக்க நான் முயல்வதில்லை. பள்ளியை விட்டு ஓடியவர்கள் எல்லாரும் நாயுடு ஆகிவிடவில்லை என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்லிக்கொள்ளலாம்.

ஊரில் வயலைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள், ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அவ்வழியே வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் தானே ஓடும் வண்டியை அந்த இளைஞர் அதற்குமுன் கண்டதில்லை. வண்டி இடையில் நின்றது. அதிகாரி இறங்கிப் பழுதைத் திருத்த முற்பட்டார். அவர் கேட்ட சிறு உதவிகளைச் செய்துகொண்டே, எந்த உறுப்பை எடுத்தார், எதைத் துடைத்தார், எங்கே மீண்டும் பொருத்தினார் என்பதை ஒவ்வொன்றாக நாயுடு கவனித்தார். வண்டி புகையைக் கக்கிக்கொண்டு போய்விட்டது. பார்த்தவர் மனம் அதன் பின்னாலேயே போய்விட்டது.

கலங்கலில் இருந்தால் அத்தகைய வண்டி தமக்குக் கிட்டாது என்பதை உணர்ந்து கோயம்புத்தூருக்குச் சென்றார். அங்கே ஓர் உணவு விடுதியில் பரிமாறுபவராக வேலைக்கு அமர்ந்தார். ஏறக்குறைய மூன்றாண்டுகள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, ரட்ஜ் என்னும் வகையைச் சேர்ந்த ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறி ஊர் சுற்றித் தம் பெருமையைக் காட்டியிருக்கலாம். அவரோ அதை ஆணி ஆணியாகக் கழற்றி நிலத்திலே பரப்பினார். மறுபடி பூட்டினார். மறுபடி கழற்றினார். அவர் படித்த தொழில்நுட்பக் கல்லூரி அந்த ஒரு வண்டிதான்.

அடுத்து அவர் பருத்தி வாணிகத்தில் இறங்கினார். முதலாம் உலகப் போர்க் காலத்தில் திருப்பூரில் பஞ்சுத் தொழிலில் நல்ல பொருள் ஈட்டினார். அந்த ஊக்கத்தோடு பம்பாய்க்குச் சென்று, அங்குள்ள பெரு வணிகரோடு போட்டியிட்டு, ஈட்டியதை இழந்து திரும்பினார். கையிலே பணமில்லை, பட்டமில்லை, எஞ்சியிருந்தது இயந்திரத்தைப் பற்றிய அறிவு மட்டுமே.

பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில்

அக்காலக் கோயம்புத்தூரில் ரொபேர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயர் பெருஞ்செல்வாக்கோடு விளங்கினார். கோப்பித் தொழில், ஆலைத் தொழில் ஆகியவற்றில் முன்னோடி அவர். 1862இல் அந்நகரில் ஒரு பாடசாலையையும் நிறுவியவர். வறிய இளைஞர் ஒருவரின் கையில் ஒரு பஸ்ஸை நம்பிக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தவர் அவர்தாம். அவருடைய கடனுதவியால் நாயுடு ஒரு பஸ்ஸுக்கு உரிமையாளரானார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அது ஓடத் தொடங்கியது.

இவ்விரு ஊர்களையும் அவர் தேர்ந்தது தற்செயலாக இராது என்றே நான் எண்ணுகிறேன். போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்குப் புகையிரதப் பாதை 1915இல் வந்துவிட்டது. அது அங்கேயே நின்றது. பொள்ளாச்சியிலிருந்து பழனி வழியாகத் திண்டுக்கல்லுக்குப் பாதை போடப்பட்டது 1928இலேதான். ஆகவே பஸ் ஓடத் தொடங்கும்வரை, புகையிரதத்தை விட்டுப் பொள்ளாச்சியில் இறங்கியவனுக்கு மாட்டு வண்டியோ கால்நடையோதான் துணை. பொள்ளாச்சியோ பெரிய சந்தை ஊர். கால்நடைக்கும் வெல்லத்துக்கும் பேர்போனது. பழனியோ பெரிய தலம். சந்தைக்குப் போகும் உழவனும் மலைக்குப் போகும் அடியவனும் ஒரே புழுதியில் ஒரு பகலையும் ஓர் இரவையும் கழித்தார்கள்.

அந்நாளைய பஸ்ஸை இந்நாளைய வண்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தல் கூடாது. லொறியின் அடிச்சட்டத்தின்மேல் மரத்தாற் செய்த கூடு; பக்கங்களில் கித்தான் திரை; நீளப் பலகை ஆசனம். முன்னாலே இரும்புக் கைபிடியைச் செருகிச் சுழற்றினால்தான் இயந்திரம் உயிர்பெறும். சற்றுத் தவறினால் அக்கைபிடி திரும்பி அடித்துச் சாரதியின் கையை முறித்துவிடும். பெற்றோலைத் தகர டின்களில் வாங்கி ஊற்றவேண்டும். ஏற்றம் வந்தால் நீர் கொதிக்கும். வழியிலுள்ள கிணற்றிலே நீர் மொண்டு ஊற்றிய பின்புதான் பயணம் தொடரும். மாட்டு லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகள் சக்கரத்தைப் பதம் பார்க்கும். சாரதிக்குக் கம்மியனின் அறிவும் வேண்டும். பயணிகளுக்குத் தள்ளும் வலிமையும் வேண்டும்.

இவையெல்லாம் இயந்திரத்தின் குறைகள். இவற்றினும் பெரிய குறை ஒன்று இருந்தது. அது வண்டியை நடத்தியவர்களின் மனத்திலே இருந்தது. ஆசனங்கள் நிறைந்தால்தான் பஸ் புறப்படும். நிறையாவிட்டால் சந்தைத் தெருவை இரண்டு மூன்று முறை வலம்வந்து ஆட்களைக் கூவி அழைக்கும். முதலில் ஏறி அமர்ந்தவன் தன் விதியை நொந்துகொண்டு உள்ளே இருக்கவேண்டும். புறப்பட்ட வண்டி எப்போது போய்ச் சேரும் என்பதை ஒருவரும் கேட்பதில்லை. நடுவழிக் கிராமத்தில் புளியமரத்தடியில் நிற்பவன் நிலை இன்னும் மோசம். பஸ் போய்விட்டதா, இனித்தான் வருமா, வந்தாலும் தனக்கு இடமிருக்குமா என்பது எதுவும் அவனுக்குத் தெரியாது. உழவனுடைய பொழுது விலையற்றது. அவன் எவ்வளவு நேரமும் காத்திருப்பான் என்பதே அத்தொழிலின் அடிப்படைக் கணக்கு.

நாயுடு மாற்றியது அந்தக் கணக்கைத்தான்.

கடிகாரமும் பட்டறையும்

காத்திருத்தல் என்பது அவர் இயல்புக்கே ஒவ்வாத ஒன்று. பள்ளியிலே மணி அடிக்கும்வரை இருக்க முடியாமல் ஓடியவர் அவர். தம்முடைய பொழுதின் அருமையை உணர்ந்தவர் பலர் உளர். அதே அருமை பிறர் பொழுதுக்கும் உண்டு என்று கண்டவர் சிலரே. அவர் நடத்திய யுனிவர்சல் மோட்டார் சேர்விஸ், யூ. எம். எஸ். என்னும் சுருக்கப் பெயரால் கொங்கு நாடெங்கும் அறியப்பட்டது. நேர அட்டவணைப்படி வண்டி புறப்படவேண்டும், அட்டவணைப்படி போய்ச் சேரவேண்டும் என்பது அங்கே மீறலாகாத விதி. இரண்டு பேர் இருந்தாலும் மணி வந்துவிட்டால் வண்டி நகரும். தொடக்கத்தில் அது நட்டமாகவே தோன்றியிருக்கும். ஆனால் வண்டி வரும் நேரம் தெரிந்துவிட்டால் மக்கள் அந்த நேரத்துக்கு வந்து நிற்பார்கள். நின்றவர்களை வண்டி கைவிடாது என்ற நம்பிக்கை பரவிவிட்டால் கூவி அழைக்க வேண்டியதில்லை.

இந்த ஒழுங்கை அவர் வெறும் கட்டளையால் நிலைநிறுத்தவில்லை, கருவிகளாலும் நிலைநிறுத்தினார். வண்டிகள் வரும் நேரத்தையும் புறப்படும் நேரத்தையும் பயணிகள் பார்த்து அறிந்துகொள்ளும் அமைப்பைப் பஸ் நிலையத்திலே வைத்தார். பயணச்சீட்டு வழங்குவதற்கு ஓர் இயந்திரத்தை ஆக்கினார். இயந்திரம் அளவுக்கு மேற் சூடேறாதிருக்க வழி தேடினார். வண்டியின் அதிர்வைச் சோதிக்கும் கருவியொன்றையும் அமைத்தார். இவற்றைத் தனித்தனியே எடுத்துக் கண்டுபிடிப்புகள் என்று பட்டியலிடுவது எளிது. சேர்த்துப் பார்க்கும்போதே அவற்றின் பொருள் விளங்குகிறது. யாவும் ஒரே நோக்கத்துக்குத் தொண்டு செய்தவை: புளியமரத்தடியில் நிற்பவனிடம் சொன்ன நேரத்தைப் பொய்யாக்காதிருத்தல்.

ஒரு வண்டியில் தொடங்கியது, 1930களில் இருநூறுக்கு மேற்பட்ட வண்டிகளாகப் பெருகியது. இந்திய நாட்டிலேயே திறம்பட நடந்த பஸ் சேவைகளுள் ஒன்றாக அது மதிக்கப்பட்டது. புகையிரதம் எட்டாத ஊர்களைச் சந்தையோடும், வைத்தியசாலையோடும், நீதிமன்றத்தோடும், பாடசாலையோடும் அது பிணைத்தது. ஒரு கிராமத்துக்கு நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரு வண்டி வருமாயின் அங்கே எத்தனை மாறுதல்கள் நிகழும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். காய்கறி வாடுமுன் சந்தைக்குப் போகும். பேறுகாலப் பெண்ணை நகருக்குக் கொண்டுசெல்ல ஒரு வழியிருக்கும். மேல்வகுப்புக்குப் பக்கத்து ஊருக்குச் செல்லும் பிள்ளை இரவிலே வீடு திரும்பும். கடிகாரமில்லாத வீட்டிலும் பஸ் வந்துவிட்டது என்று சொல்லி அடுப்பு மூட்டுவார்கள்.

நேரந் தவறாமல் வண்டி ஓடவேண்டுமானால் அது வழியிலே நிற்கக்கூடாது. நிற்காதிருக்க வேண்டுமானால் நல்ல பட்டறை வேண்டும். கடல் கடந்து உதிரி உறுப்பு வரும்வரை வண்டியைக் கொட்டகையில் நிறுத்தி வைக்க நாயுடுவின் உள்ளம் இடங்கொடுக்கவில்லை. இயன்றவற்றைத் தம் தொழிற்சாலையிலேயே செய்வித்தார். இவ்வாறு பஸ்ஸைக் காப்பதற்காக எழுந்த பட்டறைகளில் கடைசல் பிடிக்கவும், வார்ப்பு வார்க்கவும், நுட்பமாக அளக்கவும் ஒரு தலைமுறைத் தொழிலாளர் பழகினர். 1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் கோயம்புத்தூருக்கு வந்தது. 1937இல் டி. பாலசுந்தரம் என்னும் தொழில் வல்லுநரோடு சேர்ந்து, பீளமேட்டில் இந்தியாவின் முதல் மின்சார மோட்டாரை நாயுடு உருவாக்கினார். பின்னாளில் அந்நகரம் மோட்டாருக்கும் நீரிறைக்கும் பம்பிக்கும் பேர்பெற்றது. கொங்கு நாட்டுக் கிணறுகளிலிருந்து வயலுக்குப் பாய்ந்த நீரின் வரலாற்றைப் பின்னோக்கித் தொடர்ந்தால், அதன் ஒரு கிளை பொள்ளாச்சிப் பாதையில் ஓடிய அந்தப் பழைய பஸ்ஸில் போய் முடியும்.

பொறுமையில்லாத பெரியவர்

அவர் ஐரோப்பாவுக்குச் சென்றார். ஜேர்மனியின் தொழிற்சாலைகளை நுணுகிக் கண்டார். 1936இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தை இலண்டனில் நின்று தம் கருவியாற் படம் பிடித்தார். ரேசண்ட் என்னும் பெயருடைய முகச்சவரக் கருவியை ஆக்கினார். 1941இல் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை எழுபது ரூபாவுக்குத் தர முடியும் என்று காட்டினார். பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் இயங்கும் விசிறி, மோசடி செய்யமுடியாத வாக்குப் பதிவு இயந்திரம் என்று அவருடைய கை ஓயவில்லை. பருத்தியிலும் பப்பாளியிலும் புது வகைகளை வளர்த்துப் பார்த்தார். 1936இல் மாகாண சட்டசபைத் தேர்தலில் நின்று தோல்வியுங் கண்டார். இவை பலரும் எழுதியவை, விரிக்க வேண்டியதில்லை.

1944இல் மோட்டார்த் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகினார். ஆராய்ச்சி மாணாக்கருக்கும் தம் தொழிலாளருக்கும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் நன்கொடைகள் அறிவித்தார். அடுத்த ஆண்டில் அவருடைய கொடையால், அன்றைய சென்னை ஆளுநர் ஆதர் ஹோப்பின் பெயரால் ஒரு பல்தொழில் நுட்பக் கல்லூரியும் ஒரு பொறியியற் கல்லூரியும் எழுந்தன. மூன்றாம் வகுப்பை விட்டு ஓடியவர் பொறியியற் கல்லூரிக்கு அதிபரானார். இந்த விந்தையை நினைக்குந்தோறும் எனக்குச் சிரிப்பும் வரும், மரியாதையும் வரும்.

ஆனால் அங்கேதான் அவருடைய பெருங்குறையும் வெளிப்பட்டது. நான்கு ஆண்டுப் படிப்பு வீண் காலப்போக்கு, இரண்டு ஆண்டே போதும் என்பது அவர் துணிபு. அரசாங்கம் இசையவில்லை. அவர் வாதாடிப் பார்த்தார். பின்பு அதிபர் பதவியை விட்டு வெளியேறினார். அந்தக் கல்லூரி அவரில்லாமலே வளர்ந்து, இன்று கோயம்புத்தூர் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக நிற்கிறது. 1952இல் இருவர் செல்லத்தக்க சிறு மோட்டார்க் காரொன்றை இரண்டாயிரம் ரூபா விலையில் ஆக்கிக் காட்டினார். உரிமம் மறுக்கப்பட்டது, முயற்சி நின்றது. வரிச்சுமையை எதிர்த்து, தாம் செய்த பொருள்களைப் பொதுமக்கள் முன்னிலையில் தாமே உடைத்து நொறுக்கியதும் உண்டு. ஓர் அரசாங்கத்தின் தடித்த மௌனத்தைக் கண்டு ஆத்திரங்கொள்ளும் அவர் நெஞ்சம் நமக்கு விளங்கும். என்றாலும், உடைந்த பொருளால் எந்த ஏழையின் வீட்டில் வானொலி பாடும் என்று கேட்கவும் தோன்றுகிறது.

இக்கேள்விக்கு நான் கண்ட விடை ஒன்றுண்டு. பிறர் ஏற்றுக்கொள்வதாக இருந்தால் சரி. இல்லையேல் எறிந்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். ஆசிரியர்மீது மண்ணை எறிந்த சிறுவன் அவருக்குள் கடைசிவரை இருந்தான். கல்லூரி, கார், வானொலி ஆகியவற்றில் அவர் சுவரை முட்டினார், சுவர் அசையவில்லை, அவர் திரும்பிவிட்டார். பஸ் சேவையிலோ அவ்வாறு செய்ய இயலவில்லை. சிறந்த கருவியை ஒரு நாளில் ஆக்கிவிடலாம். நேர அட்டவணையை ஒரு நாளில் நிறைவேற்றிவிட முடியாது. இன்று சரியாக ஓடிய வண்டி நாளையும் ஓடவேண்டும், மழையிலும் ஓடவேண்டும், இரண்டே பேருக்காகவும் ஓடவேண்டும். பொறுமையில்லாத அந்த மனிதரிடமிருந்து ஆண்டுக்கணக்கான பொறுமையை வாங்கிய ஒரே தொழில் அதுதான். அதனாலேயே அவருடைய படைப்புகளுள் அது தலையாயது என்று துணிந்து சொல்கிறேன். அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்ட முடியாது. காட்ட முடியாததால் நாம் அதை மறந்துபோனோம்.

1960களில், காலையில் அத்திவாரமிட்டுப் பதினொரு மணி நேரத்தில் ஒரு வீட்டைக் கட்டி முடித்தார். அப்போது அவர் வயது எழுபதைத் தாண்டியிருந்தது. காலத்தோடு அவருக்கிருந்த வழக்கு அன்றும் தீரவில்லை போலும். 1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் அவர் காலமானார்.

அவருக்குப் பின்

தனியார் பஸ்களுக்கு என்ன ஆயிற்று என்பதை நம் வாசகர் அறிவர். இலங்கையில் 1958 ஜனவரி முதலாந் தேதி போக்குவரத்துச் சபை பஸ்களைப் பொறுப்பேற்றது. தமிழ்நாட்டிலும் 1972 அளவில் பெரிய நிறுவனங்களின் பஸ்கள் அரசுடைமையாயின. எது சிறந்தது, அரசுடைமையா தனியுடைமையா என்று பட்டிமன்றம் நடத்துவோர் நடத்தட்டும். புளியமரத்தடியில் நிற்பவனுக்கு அந்த விவாதத்தால் ஒரு பயனுமில்லை. வண்டியின் பக்கத்தில் எவர் பெயர் எழுதியிருக்கிறது என்பதை அவன் பார்ப்பதில்லை. சொன்ன நேரத்துக்கு அது வருமா என்பதையே பார்க்கிறான். நாயுடுவின் வாழ்வு தனியுடைமைக்குச் சான்று என்று கொள்வது தவறு. அதே பாதையில், அதே காலத்தில், ஆசனம் நிறையும்வரை ஆட்களைக் காக்க வைத்தவர்களும் தனி உரிமையாளரே. வேறுபாடு உடைமையில் இல்லை. பயணியின் பொழுதை மதித்தாரா இல்லையா என்பதிலேதான் உண்டு.

கோயம்புத்தூர் அவினாசிச் சாலையில் பத்துக் கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட நீளமுள்ள ஒரு மேம்பாலத்தை 2025 ஒக்டோபரில் திறந்து அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். சந்திகளில் நிற்காமல் விரைந்து செல்வதற்காகக் கட்டிய பாலத்துக்கு, காத்திருக்க மறுத்த ஒருவரின் பெயர் பொருத்தமே. ஆனாலும் பாலத்தின்மேல் விரைபவர்கள் பெரும்பாலும் சொந்த வாகனம் உடையவர்கள். அவர் முதன்முதலில் யாருக்காகக் கடிகாரத்தைப் பார்த்தாரோ அவர்கள் இன்னும் கிராமத்துச் சந்திகளிலேயே நிற்கிறார்கள். அங்கும் நிற்கிறார்கள், இங்கும் நிற்கிறார்கள்.

நான் பயணஞ்செய்த பஸ் பழனி நிலையத்தில் வந்து நின்றபோது கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நடத்துநர் சொன்ன நேரத்துக்கு நான்கு நிமிடம் முந்தியிருந்தது. இறங்கும்போது அவருக்கு நன்றி சொன்னேன். எதற்கென்று விளங்காமல் அவர் என்னைப் பார்த்தார்.

அந்த வன்னிப் பாடசாலையில் இருந்த எஞ்சிய காலமெல்லாம் நான் ஒரு சிறு வழக்கத்தைக் கைக்கொண்டேன். வரவு இடாப்பின் ஓரத்தில், மாணாக்கர் பெயர்களுக்கு மேலே, பஸ் வந்த நேரத்தை நாள்தோறும் குறித்துவைத்தேன். அந்தப் பையன் பிந்தி வந்த நாள்களையும் அந்த நேரங்களையும் ஆண்டிறுதியில் ஒப்பிட்டுப் பார்த்தேன். பஸ் நேரத்துக்கு வந்த ஒரு நாளிலாவது அவன் பிந்தியிருக்கவில்லை.